எங்கள் வார்டுக்கு ஒரு சொந்த மதுக்கடை

1

இன்று மகாவீர் ஜெயந்தி. பக்கத்து மட்டன் கடையின் ஷட்டர் இறங்கியிருக்கிறது. எங்கள் ஒயின்ஷாப் திறந்திருக்கிறது. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் இதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தோன்றாது. எனக்கு மட்டும் வருஷா வருஷம் இந்த நாளில் ஷட்டரைத் தூக்கும்போது கை கொஞ்சம் தயங்கும்.

ஊரில் இருக்கும் உங்களுக்குக் காரணம் தெரியும். நம் பக்கம் மகாவீர் ஜெயந்தியன்று அரசாங்க மதுக்கடைக்கு விடுமுறை. திருப்பத்தூர் பக்கத்தில் அப்படி ஒரு கடையில் நான் சூப்பர்வைசராக இருந்த அத்தனை வருஷமும் அன்றைக்கு வீட்டில் கால் நீட்டித் தூங்கியிருக்கிறேன். பெங்களூரில் அன்று கறிக்கடைக்குத்தான் விடுமுறை, ஒயின்ஷாப்புக்கு இல்லை. உயிரைக் கொல்வதுதான் தப்பு, உயிரோடு இருக்கிறவன் குடிப்பது அவன் பாடு என்று இங்கே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். கடைச் சாவி என்னிடம்தான் இருக்கும். காலையில் வந்து பார்த்தால் மட்டன் கடை மூடியிருக்கிறது. அப்பாடா, இங்கேயும் உண்டு என்று வந்த வழியே திரும்பிவிட்டேன். லீவு நாளில் போனை அணைத்து வைப்பது பழைய வேலையில் ஒட்டிக்கொண்ட வழக்கம். அதையும் செய்தேன்.

எங்கள் ஓனர் நாகராஜண்ணா சொந்த மகளின் கல்யாணத்தன்றுகூட முகூர்த்தம் முடிந்த கையோடு கடையைத் திறந்தவர். அவர் கடை சொல்லாமல் கொள்ளாமல் மூடியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மத்தியானத்துக்குள் கடை வாசலில் கூடிய கூட்டம் அவரை மேலுலகத்துக்கே அனுப்பி வைத்துவிட்டது. அதில் பாசக்கார வாடிக்கையாளர் ஒருவர் பூக்கடைக்குப் போய் மாலை வாங்கிக்கொண்டு ராஜாஜிநகரில் இருக்கும் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். கதவைத் திறந்தது நாகராஜண்ணா.

அந்த மாலையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"சேகர், எனக்கு மாலை வந்திருக்கு. எதுக்குன்னு கொத்தா, தெரியுமா?"

"அண்ணா, இன்னிக்கு லீவு இல்லையா? மகாவீர் ஜெயந்தி..."

"அது ஆட்டுக்கு லீவு மாராயா. நமக்கில்ல."

வேறு யாராக இருந்தாலும் அன்றே என்னை ஊருக்கு பஸ் ஏற்றியிருப்பார்கள். அவர் மாலையை வீணாக்காமல் கடையிலிருந்த சாமி படத்துக்குப் போட்டுவிட்டு என்னைக் கல்லாவில் உட்கார வைத்தார்.

2

என் பழைய வேலையைப் பற்றி இங்கே யாரிடம் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார்கள். "கவர்ன்மென்டே கடை வச்சு ஊத்துதா?" என்பார்கள். இங்கேயும் மாநில அரசு நடத்தும் கடைகள் அங்கங்கே இருக்கின்றன. ஆனாலும் ஊர் முழுக்க அரசாங்கமே ஊற்றுகிறது என்றால் ஆச்சரியம்தான். நான் விளக்குவேன். எங்கள் கடைச் சுவரில் குடிக்காதே என்று நாங்களே எழுதி வைத்திருந்தோம். அதற்குக் கீழே கம்பி வலை, அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. காசு உள்ளே வரும், பாட்டில் வெளியே போகும். முகம் தெரியாது. விரல்களை வைத்தே ஆட்களை அடையாளம் கண்டேன்.

குடியின் கெடுதலைச் சொல்லிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர்வலம் வரும் நாட்களில் ஷட்டரைப் பாதி இறக்கி வைப்போம். ஊர்வலத்தில் பிள்ளைகளின் பின்னால் வருகிற பெரியவர்கள் சிலர், முழுக்க இறக்கிவிடாதே என்று கண்ணால் சாடை காட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் மேலதிகாரி போன் செய்வார். விற்பனை ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்பார். ஊர்வலம் போனதால் என்று எழுதினால் அவருக்குக் கோபம் வரும். மழை என்று எழுதுவேன்.

அப்படியிருந்தும் அது அரசாங்க வேலை. தொகுப்பூதியம்தான், நிரந்தரமில்லை. ஆனால் பெண் பார்க்கப் போனபோது என் பெரியப்பா "பையன் கவர்ன்மென்ட்ல இருக்கான்" என்று சொன்ன அழகில், சாந்தியின் வீட்டார் என்னைத் தாசில்தார் அளவுக்கு நினைத்துவிட்டார்கள். சாந்தி ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி எங்கள் ஊர் வந்து கடையைப் பார்த்தபோது ஒரு வார்த்தைதான் சொன்னாள். "கம்பி நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு."

அந்தக் கடையை மூடியது பெண்கள். ஒருநாள் காலையில் பத்துப் பதினைந்து பேர் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் தெருவே நிறைந்துவிட்டது. நான் உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியதும் ஓர் அம்மா அந்த ஓட்டை வழியாக எனக்கு மோர் நீட்டினார்.

"உம்மேல கோவமில்ல தம்பி. கடை மேலதான்."

குடித்தேன். நல்ல மோர். கொஞ்ச நாளில் கடை மூடப்பட்டது. வேறு கடை போடுவோம் என்றார்கள், போடவில்லை. மகள் திவ்யாவின் படிப்பு இருக்கிறதே என்று சாந்தி எங்களைத் தன் ஊருக்குக் கூட்டி வந்துவிட்டாள். அம்மா மட்டும் வரமாட்டேன் என்று திருப்பத்தூரிலேயே இருக்கிறாள். அவளைப் பார்க்க வருஷத்தில் இரண்டு மூன்று தடவை பஸ் ஏறுகிறேன்.

இங்கே கம்பி வலை இல்லை, திறந்த கவுன்ட்டர். வருகிறவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று நாகராஜண்ணா முதல் மாதம் முழுக்கப் பயிற்சி கொடுத்தார். பாட்டிலைப் பேப்பரில் சுற்றிக் கொடுக்க வேண்டும். நின்று குடிப்பவர்களுக்கு வேகவைத்த கடலை தட்டில் வைக்க வேண்டும். எல்லாம் கற்றுக்கொண்டேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். அந்தக் கம்பிக்குப் பின்னால் இருந்த நாற்காலி எனக்கு இன்னமும் கனவில் வருகிறது. முதுகில் அரசாங்க எண் எழுதிய இரும்பு நாற்காலி.

3

போன மாதம் அந்த நாற்காலி திரும்பி வரும்போல ஒரு பேச்சு கிளம்பியது.

எங்கள் கடை இருக்கும் கட்டடம் மாநகராட்சிக்குச் சொந்தம். நாகராஜண்ணா குத்தகைக்காரர். குத்தகை முடியப் போகிறது. இந்த நேரம் பார்த்து, தெருவாசிகள் சங்கத்தின் தலைவி பிலோமினா மிஸ் ஒரு யோசனையோடு வந்தார். ரிட்டயர்டு டீச்சர். தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் ஏ பி சி டி சொல்லிக் கொடுத்தவர். தினமும் பூசைக்குப் போகும்போது எங்கள் கடை வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார்.

அவர் யோசனை இதுதான். கடையை மூடச் சொன்னால் யாரும் மூடப் போவதில்லை. இருந்துதான் தீரும் என்றால் மாநகராட்சியே எடுத்து நடத்தட்டும். வருகிற லாபத்தை இந்த வார்டுக்கே செலவழிக்கட்டும். சாக்கடை, தெருவிளக்கு, பள்ளிக்கூடக் கூரை.

மனுவைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? என் மகள். திவ்யா கல்லூரி கடைசி வருஷம். கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. தமிழில் கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அப்பா என்ன செய்கிறார் என்று சிநேகிதிகள் கேட்டால் "ரீடெயில்" என்பாளாம். சாந்தி சொன்னாள்.

"அப்பா, பில்டிங் யாரோடது? கார்ப்பரேஷனோடது. காலையில பாட்டில் பொறுக்கிறது யாரு? கார்ப்பரேஷன் ஆளுங்க. லாபம் மட்டும் ஓனருக்கா? இது நியாயானா?"

"உங்கப்பன் சம்பளம் ஓனர் குடுக்கிறதும்மா."

"கார்ப்பரேஷன் எடுத்தா உங்களத்தான் இன்சார்ஜா போடணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. உங்களுக்குத்தான் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கே."

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

மறுநாள் நாகராஜண்ணா டீ வாங்கிக் கொடுத்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"மீட்டிங்ல உன்னப் பேசச் சொல்லுவாங்க சேகர். நீ ஒண்ணும் பேச பேடா. சும்மா நில்லு. நீ மொதல்ல வந்தப்போ இருந்த மாதிரி மூஞ்ச வச்சுக்கோ. சர்க்கார் கடைன்னா எப்படியிருக்கும்னு ஜனங்களுக்குப் புரிஞ்சிடும்."

4

கூட்டத்துக்குப் போகும் முன் கலாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

கலா மாநகராட்சித் துப்புரவு வேலைக்காரி. எங்கள் சந்திலேயே கடைசி வீடு. புருஷன் மணி, பெயின்டர். குடிக்காத மணி தங்கமான மனுஷன், சுவர் பூசினால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு குவார்ட்டர் வரைக்கும் பாட்டுப் பாடுவார். இரண்டாவது உள்ளே போனால் வீட்டில் கை நீட்டுவார்.

ஒருநாள் சாயங்காலம் கலா எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, உங்க கடைக்குத்தான் வந்திட்டிருக்காரு. ஒண்ணோட நிறுத்திடுங்கண்ணா." நான் மணியிடம் இரண்டாவது கேட்டபோது அவர் பிராண்டு தீர்ந்துவிட்டது என்றேன். அடுத்த கடை மேட்டுக்கு மேலே. ஒன்று உள்ளே போனபின் மணி மேடு ஏறமாட்டார். முனகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து இதுதான் ஏற்பாடு. கலாவைப் பார்த்து இன்னும் சில பெண்களும் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். சம்பள நாளில் என் போன் கோயில் மணியாய் அடிக்கும். நாகராஜண்ணாவுக்குத் தெரியும். "வியாபாரத்தைக் கெடுக்கிறே" என்பார், தடுக்கமாட்டார்.

எனக்கு இதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கம்பிக்குப் பின்னால் இருந்தவரை யாரையும் ஒன்றோடு நிறுத்தியதில்லை.

5

கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், மாதா கோயில் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நாகராஜண்ணா கடைசி பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். திவ்யா மனுவைக் கன்னடத்தில் வாசித்தாள். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. மீதிக்கும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

லாபத்தை என்ன செய்யலாம் என்று பிலோமினா மிஸ் கேட்டார். அவ்வளவுதான். சாக்கடை என்று ஒருவர் ஆரம்பித்தார். லைப்ரரி, ஜிம், கல்யாண மண்டபம் என்று ஓடியது. மண்டபத்துக்கு ஏ.சி. வேண்டும் என்றார் இன்னொருவர். அவ்வளவு லாபம் வராதே என்றதும் ஹால் யோசனையில் ஆழ்ந்தது. குடிகாரர் தொல்லை தாங்கவில்லை என்று புகார் சொல்ல வந்தவர்கள், வியாபாரத்தைப் பெருக்க வழி சொல்லத் தொடங்கினார்கள். உட்கார இடம் போட்டால் கூட்டம் வரும். கடலையோடு முட்டையும் வைக்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு போர்டு வைக்கலாம். கடைசியில் பிலோமினா மிஸ் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சேகர், சண்டேல நல்ல சேல்ஸ்தானே? அப்போ ஏன் இவ்ளோ லேட்டா தொறக்கறீங்க?"

கேட்ட மறுநொடியே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஹால் சிரித்தது. அதிகமாகச் சிரித்தது நாகராஜண்ணா.

பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அரசாங்கக் கடை நல்லது, கணக்கு சுத்தமாக இருக்கும், கலப்படம் இருக்காது, நேரத்துக்கு மூடுவோம் என்று திவ்யாவிடம் கன்னடத்தில் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதில் பாதி வந்தது. நாற்காலி கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அப்போது நடுவிலிருந்து கலா எழுந்தாள்.

"அண்ணா, கார்ப்பரேஷன் கடைன்னா, நான் போன் பண்ணா அவருக்கு ரெண்டாவது குடுக்காம இருப்பீங்களா?"

பொய் சொல்லலாம். சொன்னால் நாற்காலி எனக்கு. சாந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதும்மா" என்றேன். "அங்க காசு வச்சவனுக்குக் குடுத்துத்தான் ஆகணும். இல்லேன்னு சொன்னா என்மேல கம்ப்ளெயின்ட் போகும். சேல்ஸ் கொறஞ்சாலும் என்னைத்தான் கேப்பாங்க. இப்போ நாகராஜண்ணா கண்டுக்காம விடறாரு. கார்ப்பரேஷன் விடாது."

என் நாற்காலியை நானே எட்டி உதைத்தாகிவிட்டது. திவ்யாவின் முகம் வாடியது. நாகராஜண்ணா எழுந்து கை தட்டலாமா என்று யோசிப்பது தெரிந்தது. ஆனாலும், பார் கலா, உனக்காகத்தான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதம். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

கலா உட்காரவில்லை.

"அப்படின்னா கார்ப்பரேஷனே எடுக்கட்டும்" என்றாள்.

"உனக்குத்தானேம்மா நஷ்டம்?" என்றார் மிஸ்.

"இல்ல மிஸ். அண்ணன் நல்லவரு. அதான் எனக்கு பயம். அவரு ஊருக்குப் போயிட்டா? அவருக்குக் காய்ச்சல் வந்தா? எங்க வீட்ல அடி விழறதும் விழாததும் ஒருத்தர் போன் எடுக்கிறதுல இருக்கு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அண்ணன் ஊர்ல பொம்பளைங்க கடை முன்னாடி உக்காந்து மூடிட்டாங்களாம், சாந்தியக்கா சொன்னாங்க. இங்க நான் யார் முன்னாடி உக்கார்றது? ஓனர் வீட்டு முன்னாடி உக்காந்தா போலீஸ்காரன் தூக்கிட்டுப் போவான். கார்ப்பரேஷன் கடைன்னா அது எங்க கடை. எங்க கடைய நாங்க மூடலாம்."

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். ஜிம்முக்காகச் சிலர், சாக்கடைக்காகச் சிலர், மூடுவதற்காகச் சிலர் என்று ஒரே பக்கத்துக்குக் கைகள் எழுந்தன. நானும் தூக்கினேன்.

6

வீட்டுக்கு நடந்து வரும்போது சாந்தி கேட்டாள்.

"நாற்காலிக்காகத் தூக்கினீங்களா, கலாவுக்காகவா?"

"தெரியல."

"பரவால்ல. கை கைதானே."

திவ்யா முன்னால் போய்விட்டாள். நான் மெதுவாகக் கேட்டேன். "நான் ஊருக்குப் போறத கலா எதுக்கு சொன்னா?"

சாந்தி சந்து திரும்பும் இடத்தில் நின்றாள். "தை மாசம் அம்மாவப் பாக்கப் போனீங்களே. ஓனரோட மச்சான்தான் கல்லாவுல இருந்தாரு. நீங்க திரும்பி வந்தப்போ கலா கையில கட்டு."

எனக்கு ஞாபகம் வந்தது. குழாயடியில் வழுக்கிவிட்டது என்று கலா சொன்னாள். பார்த்து நடக்கக் கூடாதா என்று நான் அவளுக்குப் புத்திகூடச் சொன்னேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கலாதான் சொல்லாதீங்கன்னா. சொன்னா அண்ணன் ஊருக்கே போகமாட்டாரு, அவருக்கும் அம்மா இருக்காங்கன்னு."

தலையைக் குனிந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தேன். வெட்கமாக இருந்தது.

மனு மாநகராட்சிக்குப் போயிருக்கிறது. அது எத்தனை மேஜை ஏறி இறங்கும் என்று அரசாங்கத்தில் இருந்தவனுக்குத் தெரியும். அதுவரை நாகராஜண்ணாவுக்குக் குத்தகையை நீட்டித்துவிட்டார்கள். ஒருவேளை கடை மாநகராட்சிக்கே வந்து, என்னை இன்சார்ஜாகப் போட்டு, பிறகு கலா ஆள் திரட்டி வந்து மூடினால் எனக்கு இரண்டாம் தடவையும் வேலை போகும். போகட்டும்.

ஆடிக்கு வருகிறாயா என்று அம்மா உங்களில் யாரைப் பார்த்தாலும் கேட்கிறாளாமே. வருகிறேன் என்று சொல்லுங்கள். என்னோடு மணி என்று ஒருவரும் வருவார், பெயின்டர். நேற்றுதான் பேசி முடித்தேன். நான் ஊரில் இருக்கும் நாட்களில் அவர் நம் வீட்டுக்கு வெள்ளையடிப்பார். போன பொங்கலுக்குத்தானே அடித்தோம் என்று அம்மா சொல்வாள். அவர் காதில் விழும்படி சொல்லவேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.